வாசகர் கேள்வி பதில்: தரவுத்தளத்தில் தாய்லாந்து எழுத்துகள்

தாய்லாந்துடன் வணிகம் செய்யும் நம் கொங்குப் பகுதி நிறுவனங்களிலிருந்து, அந்நாட்டு எழுத்துகளைக் கணினியில் சேமிப்பது பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்து விடையளிக்கிறோம். எழுதியவர்களின் ஊரை மட்டும் குறித்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் பனியன் நிறுவனம் பாங்காக்கில் உள்ள பையர்களுக்குச் சரக்கு அனுப்புகிறது. அவர்கள் தரும் கடைப் பெயர்களையும் முகவரிகளையும் எங்கள் ஆர்டர் மென்பொருளில் ஏற்றினால், சில பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாகவும், சில ஐரோப்பிய எழுத்துகளாகவும், சில வெற்றுக் கட்டங்களாகவும் தெரிகின்றன. மென்பொருள் எழுதிக் கொடுத்தவர் ஃபான்ட் போட்டால் போதும் என்றார். போட்டும் பாதிக்கு மேல் சரியாகவில்லை. என்ன செய்வது?
— ஒரு மெர்ச்சண்டைசர், திருப்பூர்

பதில்: நீங்கள் பார்ப்பவை மூன்றும் வெவ்வேறு கோளாறுகள். அவற்றைப் பிரித்தறியாமல் எதையும் தொடக்கூடாது என்பதே முதலில் சொல்ல வேண்டியது.

வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால் தரவு பத்திரமாக இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். அந்தக் கணினியில் தாய்லாந்து எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். விண்டோஸில் வரும் டஹோமா, லீலவதி போன்ற எழுத்துருக்களிலோ, கட்டணமின்றிக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தாய் எழுத்துருவிலோ அவை சரியாகத் தெரியும். உங்கள் மென்பொருளாளர் சொன்ன மருந்து இந்த ஒன்றுக்கு மட்டுமே பொருந்தும்.

ஐரோப்பிய எழுத்துகள் தெரிவது வேறு கதை. கணினி உரையை பைட் என்னும் எண்களாகச் சேமிக்கிறது; எந்த எழுத்துக்கு எந்த பைட் என்ற விதியே குறியாக்கம். உலக மொழிகளுக்குப் பொதுவான யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தாய்லாந்து எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட் இடம் பிடிக்கிறது. தமிழ் எழுத்துக்கும் அதே மூன்று பைட்தான். தாய்லாந்து எழுத்தின் முதல் இரண்டு பைட்டுகள் இலக்கங்களோடு ஏ முதல் எஃப் வரையிலான ஆங்கில எழுத்துகளும் கலந்து எழுதும் பதினாறடிமான எண்ணில் 'இ0 பி8' அல்லது 'இ0 பி9' என்று இருக்கும். இந்தப் பைட்டுகளை யாரோ ஓரிடத்தில் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1 குறியாக்கம் என்று எண்ணிப் படித்துவிட்டால், மேலே சாய்ந்த கோடு இட்ட சிறிய ஆங்கில 'ஏ' எழுத்தும், அதை அடுத்து வால் போன்ற ஒரு குறியோ சிறிய மேலெழுத்து ஒன்றோ திரும்பத் திரும்ப வரும். தமிழ் இதே விபத்தில் சிக்கினால், அதே 'ஏ' எழுத்தை அடுத்து வட்டத்துக்குள் 'ஆர்' எழுதிய வணிகக் குறியோ, மேல்கோடு ஒன்றோ வரும். ஆகவே திரையைப் பார்த்த மாத்திரத்திலேயே, கெட்டது தமிழா தாய்லாந்து எழுத்தா என்று சொல்லிவிடலாம். அந்தச் சாய்ந்த கோடு 'ஏ' மூன்று எழுத்துக்கு ஒரு முறை திரும்பாமல், விதவிதமான ஐரோப்பிய எழுத்துகள் கலந்து வந்தால், மூலம் யூடிஎஃப்-8 அன்று. எழுத்துக்கு ஒரு பைட் மட்டும் கொண்ட பழைய தாய்லாந்துத் தரமான டிஐஎஸ்-620 அல்லது அதை மைக்ரோசாஃப்ட் சற்று விரித்த விண்டோஸ்-874 ஆக இருக்கும். கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தாலும் இதே பழைய பைட்டுகளை எவரோ யூடிஎஃப்-8 என்று நம்பித் திறந்திருக்கிறார் என்று முதலில் ஐயப்படுங்கள்.

சாதாரணக் கேள்விக்குறிகள்தாம் கவலைக்குரியவை. தாய்லாந்து எழுத்துக்கு இடமே இல்லாத ஒரு குறியாக்கத்துக்கு உரையை மாற்றச் சொன்னபோது, கணினி ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறியை எழுதிவிட்டது. அந்தக் கேள்விக்குறி தரவுத்தளத்துக்குள் சேமிக்கப்பட்டுவிட்டால் மூல எழுத்தை எந்த வித்தையாலும் மீட்க முடியாது. பையர் அனுப்பிய மின்னஞ்சலையோ எக்செல் கோப்பையோ தேடியெடுத்து மறுபடி ஏற்றுவதே வழி.

இவற்றுள் எது உங்களுக்கு நேர்ந்தது என்பதைத் திரையை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் 'ஹெக்ஸ்' என்னும் செயற்கூறைக் கொண்டு, பெயர் சேமிக்கப்பட்ட புலத்தின், அதாவது அட்டவணையின் அந்த நெடுவரிசையின், பைட்டுகளையே எடுத்துப் பாருங்கள். 'இ0 பி8' என்று தொடங்கினால் சரியான யூடிஎஃப்-8 பைட்டுகளே உள்ளே இருக்கின்றன. கோளாறு வெளியே வரும் வழியிலோ, புலத்தின் மீது எழுதப்பட்ட குறியாக்கப் பெயரிலோ இருக்கிறது. 'சி3 ஏ0 சி2 பி8' என்று தொடங்கினால் இரண்டு முறை குறியாக்கம் செய்யப்பட்டுவிட்டது. அதைப் பெரும்பாலும் திருப்பிவிடலாம். '3எஃப் 3எஃப் 3எஃப்' என்று வரிசையாக வந்தால் அது கேள்விக்குறியேதான், மீட்பு இல்லை. இந்தச் சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும். இதைச் செய்யாமல் அட்டவணையை மாற்றத் தொடங்கியவர்கள் நல்ல தரவையும் கெடுத்துவிடுவதே வழக்கம் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

அடுத்து, இது ஏன் நேர்கிறது என்பது. தரவுத்தளம் தானாக எழுத்துகளைத் தொலைப்பதில்லை. கோப்பு, அதை ஏற்றும் நிரல், நிரலுக்கும் சர்வருக்கும் இடையிலான இணைப்பு, அட்டவணையின் புலம், கடைசியாக உலாவிக்குப் போகும் பக்கம் ஆகிய ஐந்து இடங்களில் உரை கைமாறுகிறது; ஒவ்வொரு கைமாற்றத்திலும் 'இது இன்ன குறியாக்கம்' என்று ஒருவர் அறிவிக்க வேண்டியிருக்கிறது. நூல் கோனில் முப்பதாம் நம்பர் என்று ஒட்ட வேண்டிய சீட்டுக்குப் பதிலாக நாற்பதாம் நம்பர் என்று ஒட்டினால் நூல் மாறிவிடுவதில்லை, சீட்டை நம்பி ஓட்டுகிறவரின் துணிதான் தப்பும். பைட்டுகளின் நிலையும் அதுவே.

உங்கள் விஷயத்தில் கோப்பிலிருந்தே தொடங்குங்கள். தாய்லாந்து அமைப்பிலுள்ள விண்டோஸில் சாதாரண சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் அது விண்டோஸ்-874 குறியாக்கத்தில் அமையும். அதை நம் ஊர்க் கணினியில் திறந்தால், இங்குள்ள இயல்பான அமைப்பு அதை மேற்கு ஐரோப்பியக் குறியாக்கமாக எண்ணும். பையரிடம் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்ற வகையில் சேமித்து அனுப்பும்படி கேட்டுக்கொள்ளுங்கள், அல்லது எக்செல் கோப்பாகவே வாங்குங்கள். மைஎஸ்க்யூஎல் இணைப்பில் 'செட் நேம்ஸ் யூடிஎஃப்8எம்பி4' என்ற கட்டளையோ, நிரல்மொழி தரும் அதற்கு நிகரான அமைப்போ இருக்க வேண்டும். அட்டவணைகளும் அதே குறியாக்கத்தில் இருக்கட்டும். மைஎஸ்க்யூஎல்லில் வெறும் 'யூடிஎஃப்8' என்ற பெயர் நீண்ட காலமாக எழுத்துக்கு மூன்று பைட் மட்டும் கொள்ளும் குறைபட்ட வடிவத்தைக் குறித்துவந்தது. தாய்லாந்து எழுத்துக்கு மூன்று பைட் போதும் என்பதால் அந்த வடிவத்திலும் அது தங்கும். ஆனால் முகவரிக் குறிப்பில் ஒருவர் ஓர் இமோஜி சேர்த்துவிட்டால் நான்கு பைட் வேண்டும். எனவே புதிதாகச் செய்பவர்கள் 'யூடிஎஃப்8எம்பி4' என்பதையே கொள்வது நல்லது. மைஎஸ்க்யூஎல் 8.0 முதல் இதுவே இயல்பு. அதற்கு முன்பு இயல்பு லத்தீன்-1 ஆக இருந்ததுதான் நம் பகுதியில் ஓடும் பழைய மென்பொருள்கள் பலவற்றின் துன்பத்துக்கு மூலம்.

எஸ்க்யூஎல் சர்வராக இருந்தால் புலம் 'என்வார்சார்' வகையாக இருக்க வேண்டும். அது மட்டும் போதாது. கட்டளைக்குள் நேரடியாக எழுதும் உரையின் மேற்கோள் குறிக்கு முன்னால் 'என்' என்ற ஆங்கில எழுத்தும் வர வேண்டும். அதை விட்டுவிட்டால், புலம் சரியாக இருந்தும், போகும் வழியிலேயே எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். உங்கள் கடைப் பெயர்களில் சில மட்டும் கெட்டு மற்றவை தப்பியிருந்தால், ஒரு திரை இந்த விதியைப் பின்பற்றுகிறது, இன்னொன்று பின்பற்றவில்லை என்று ஐயப்படலாம்.

உலாவிக்கு வரும்போது, பக்கத்தின் தலைப்பகுதியில் யூடிஎஃப்-8 என்று எழுதியிருந்தாலும், பக்கத்துக்கு முன்னால் சர்வர் அனுப்பும் எச்டிடிபி தலைப்புரையில் வேறு குறியாக்கம் இருந்தால் உலாவி அதையே நம்பும். இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி: எங்கள் பம்ப் நிறுவனத்தின் விற்பனை மென்பொருள் பல ஆண்டுகளாகத் தாய்லாந்து டீலர்களின் பெயர்களைப் பிழையின்றிக் காட்டிவந்தது. சர்வரைப் புதிய மைஎஸ்க்யூஎல் பதிப்புக்கு மாற்றியதும் எல்லாப் பெயர்களும் சாய்ந்த கோடு 'ஏ' எழுத்துகளாகிவிட்டன. புதிய பதிப்பில் குறையா?
— கணினிப் பிரிவில் பணிபுரிபவர், பீளமேடு, கோவை

பதில்: குறை பழைய அமைப்பில் இருந்தது, புதிய பதிப்பு அதை வெளிக்காட்டியது. உங்கள் பழைய அட்டவணை லத்தீன்-1 என்று அறிவிக்கப்பட்டிருக்கும். இணைப்பும் லத்தீன்-1 என்றே இருந்திருக்கும். நிரல் அனுப்பிய யூடிஎஃப்-8 பைட்டுகளைச் சர்வர் லத்தீன் எழுத்துகள் என்று நம்பி, மாற்றம் ஏதுமின்றி வாங்கி வைத்து, மாற்றமின்றியே திருப்பித் தந்தது. இரண்டு பொய்கள் ஒன்றையொன்று நேர்செய்ததால் திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. புதிய பதிப்பில் இணைப்பின் இயல்பு யூடிஎஃப்8எம்பி4 ஆகிவிட்டதால், லத்தீன் என்று எழுதி வைத்திருப்பதைச் சர்வர் கடமையாக யூடிஎஃப்-8க்கு மாற்றித் தருகிறது.

இப்போது அவசரப்பட்டு அட்டவணையை நேரடியாக யூடிஎஃப்8எம்பி4க்கு மாற்றும் கட்டளையைக் கொடுத்தீர்களானால் அந்தத் தவறான மாற்றம் நிலையாகப் பதிந்துவிடும். மேலே சொன்ன இரட்டைக் குறியாக்கம் அப்படித்தான் பிறக்கிறது. செய்ய வேண்டியது இரண்டு படிகள். முதலில் முழுத் தரவுத்தளத்தையும் நகல் எடுத்து, அந்த நகலில் வேலை செய்யுங்கள். நகலில் அந்தப் புலத்தை இருமப் புலமாக மாற்றுங்கள். இருமப் புலத்துக்குக் குறியாக்கம் என்பதே கிடையாது என்பதால் பைட்டுகள் அசையாமல் நிற்கும். பிறகு அதே புலத்தை யூடிஎஃப்8எம்பி4 உரைப் புலமாக அறிவியுங்கள். பைட்டுகள் முன்பிருந்தவையே, அவற்றின் பெயர் மட்டும் இப்போது உண்மையாகிறது.

ஒரு தடை வரலாம். லத்தீன்-1 புலத்தில் 50 என்று அளவு வைத்திருந்தால் அது 50 பைட். 16 தாய்லாந்து எழுத்துகள் 48 பைட்டில் முடிந்து, பதினேழாவது எழுத்தின் முதல் இரண்டு பைட்டுகள் மட்டும் உள்ளே வந்து மூன்றாவது வெளியே வெட்டுப்பட்டிருக்கும். அத்தகைய வரிசைகளில் இரண்டாம் படி பிழை காட்டி நின்றுவிடும். அவற்றை முன்கூட்டியே தேடி, தொங்கும் அரைகுறை பைட்டுகளை நீக்கிவிட்டு, முழுப் பெயரை டீலரிடம் கேட்டு நிரப்புங்கள்.

யாராவது ஏற்கெனவே நேரடி மாற்றத்தைச் செய்து, 'ஹெக்ஸ்' சோதனையில் 'சி3 ஏ0' என்று வந்தால், வழி எதிர்த்திசையில் போகிறது: உரையை லத்தீன்-1க்கு மாற்றி, அந்த விளைவை இருமமாகக் கொண்டு, அதை யூடிஎஃப்8எம்பி4 என்று அறிவிக்க வேண்டும். ஒரே அட்டவணையில் சரியான வரிசைகளும் இரட்டைக் குறியாக்க வரிசைகளும் கலந்திருப்பது மிகச் சாதாரணம். ஆகவே முழு அட்டவணைக்கும் ஒரே கட்டளையைக் கொடுக்காமல், பைட்டுகளின் தொடக்கத்தைப் பார்த்துத் தேர்ந்த வரிசைகளுக்கு மட்டும் செய்யுங்கள்.

கேள்வி: முகவரிப் புலத்துக்கு 60 என்று இடம் விட்டிருக்கிறோம். தாய்லாந்து முகவரி மூன்றில் ஒரு பங்குதான் ஏறுகிறது. தரவுத்தளம் ஆரக்கிள்.
— வீட்டுத் துணி ஏற்றுமதி நிறுவன ஊழியர், கரூர்

பதில்: ஆரக்கிளில் 'வார்சார்2' புலத்துக்கு 60 என்று மட்டும் எழுதினால், அமைப்பை மாற்றாதவரை அது 60 பைட் என்றே பொருள்படும், யூடிஎஃப்-8 தரவுத்தளத்தில் அதில் 20 தாய்லாந்து எழுத்துகளே கொள்ளும். அளவை எழுத்துக் கணக்கில் தரும்படி '60 சார்' என்று அறிவியுங்கள். மைஎஸ்க்யூஎல்லும் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லும் எழுத்துக் கணக்கிலேயே அளக்கின்றன.

எழுத்துக் கணக்கும் கண்ணுக்குத் தெரியும் கணக்கும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். நம் 'கி' என்பது கணினிக்குக் ககரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறிகள். தாய்லாந்தில் மெய்யெழுத்தின் மேல் உயிர்க்குறியும், அதற்கும் மேல் குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் தொனிக்குறியும் ஏறி, ஒரே இடத்தில் மூன்று குறிகள் அடுக்கி நிற்பது அன்றாடம். ஆகையால் தாளில் 60 இடம் பிடிக்கும் முகவரிக்குப் புலத்தில் இரு மடங்கு இடம் விடுவது நல்லது. உரையை வெட்டிக் காட்டும் நிரல்களிலும் கவனம் வேண்டும். பிஎச்பியில் பைட் கணக்கில் வெட்டும் 'சப்ஸ்டர்' செயற்கூற்றுக்குப் பதிலாக எழுத்துக் கணக்கில் வெட்டும் 'எம்பி சப்ஸ்டர்' வேண்டும்.

கேள்வி: ஆடை வகைகளைத் தாய்லாந்து மொழிச் சொற்களுடன் பட்டியலிட்டு வருகிறோம். சரியாகச் சேமிக்கிறது, சரியாகக் காட்டுகிறது. ஆனால் சில சொற்களை ஏற்கெனவே இருப்பதாகச் சொல்லி ஏற்க மறுக்கிறது, வரிசைப்படுத்தினால் பையர் 'இது எங்கள் அகராதி வரிசை அன்று' என்கிறார், தேடினாலும் கிடைப்பதில்லை.
— ரெடிமேட் ஆடை வடிவமைப்பாளர், ஈரோடு

பதில்: சேமிப்பும் காட்சியும் சரியானதும் வேலை முடிந்தது என்று எண்ணுகிறவர்களே மிகுதி. அதற்கடுத்த படியைக் கேட்டதற்காக உங்களுக்குத் தனியே நன்றி சொல்கிறோம்.

தாய்லாந்து மொழியில் சட்டையைக் குறிக்கும் சொல்லுக்கும் புலியைக் குறிக்கும் சொல்லுக்கும் உள்ள எழுத்து வேறுபாடு 'மாய் தோ' என்னும் ஒரே ஒரு தொனிக்குறி. வெள்ளை நிறம், சோறு, செய்தி ஆகிய மூன்றும் அப்படியே: எழுத்துகள் ஒன்று, தொனிக்குறி மட்டும் வேறு. இரண்டு சொற்கள் ஒன்றுதானா, எது முன்னால் வரும் என்று தரவுத்தளம் முடிவு செய்யும் விதிக்கு ஒப்பீட்டு முறை என்று பெயர். மைஎஸ்க்யூஎல் 8.0இன் இயல்பான ஒப்பீட்டு முறை, பெயரின் நடுவில் 'ஏஐ' என்று கொண்டிருப்பது, தொனிக்குறி போன்ற மேலேறும் குறிகளைப் பொருட்படுத்தாது. பிரெஞ்சு, ஜெர்மன் போன்ற மொழிகளில் தேடுவோருக்கு அது வசதி. தாய்லாந்துக்கு அது பொருந்தாது. ஒரு புலத்தில் மீண்டும் வரக்கூடாது என்று நிபந்தனை வைத்திருந்தால், சட்டை, புலி ஆகிய இரண்டு சொற்களுள் இரண்டாவதாக ஏற்றுவதை அது மறுத்துவிடும். குறிகளையும் வேறுபடுத்தும் 'ஏஎஸ்' என்று பெயருள்ள ஒப்பீட்டு முறையைத் தேர்ந்தெடுங்கள். மைஎஸ்க்யூஎல்லிலிருந்து கிளைத்த மரியாடிபியில் 'தாய் 520 டபிள்யூ2' என்று முடியும் ஒப்பீட்டு முறை இருக்கிறது. எழுத்தை முதல் நிலையிலும் தொனிக்குறியை இரண்டாம் நிலையிலும் வைத்து ஒப்பிடுவது அது.

வரிசை கெடுவதற்குக் காரணம் வேறு. சட்டை என்ற அதே சொல் தாய்லாந்து எழுத்தில் ஓர் உயிர்க்குறியோடு தொடங்குகிறது. மெய்க்கு இடப்பக்கம் எழுதப்படும் அத்தகைய குறிகள் ஐந்து உண்டு. கணினியிலும் அவை மெய்க்கு முன்பே சேமிக்கப்படுகின்றன. அகராதியிலோ அந்தச் சொல் மெய்யெழுத்தின் கீழ்தான் வர வேண்டும். வெறும் பைட் வரிசையில் அடுக்கினால் இத்தகைய சொற்கள் எல்லாம் கடைசி மெய்யெழுத்துக்கும் பின்னால் போய் நிற்கும். சியங்மாய் நகரின் பெயரும் இடக்குறியோடு தொடங்குவதால் நகரப் பட்டியலின் அடியில் கிடக்கும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில், பல மொழி எழுத்துகளைக் கையாளும் ஐசியூ என்னும் நிரல் நூலகத்தைச் சார்ந்த தாய்லாந்து ஒப்பீட்டு முறையையும், எஸ்க்யூஎல் சர்வரில் 'தாய்' என்று தொடங்கும் ஒப்பீட்டு முறைகளையும் பயன்படுத்தினால் இந்த இடமாற்றத்தை அவை தாமே செய்துகொள்ளும். எந்த முறையை எடுத்தாலும் இடக்குறியோடு தொடங்கும் சில சொற்களைப் போட்டு வரிசைப்படுத்திப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்.

தேடலில் இரண்டு சிக்கல்கள். தாய்லாந்து எழுத்தில் சொற்களுக்கிடையே வெளி விடுவதில்லை. வாக்கியமோ தொடரோ முடியும் இடத்தில்தான் வெளி வரும். வெளியைப் பார்த்துச் சொல் பிரிக்கும் முழுவுரைத் தேடல் முழு வாக்கியத்தையும் ஒரே சொல்லாக எண்ணிவிடும். பட்டியல் சிறியதாக இருந்தால் சாதாரண 'லைக்' தேடலே போதும். பெரியதாக இருந்தால் அகராதி கொண்டு சொல் பிரிக்கும் கருவி வேண்டும். எலாஸ்டிக்சர்ச் என்னும் தேடல் மென்பொருளில் தாய்லாந்துக்கென்றே ஒன்று இருக்கிறது, எஸ்க்யூஎல் சர்வரின் முழுவுரைத் தேடலிலும் உண்டு.

இரண்டாவது சிக்கலைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அகன்ற ஏகாரத்துக்கான இடக்குறி, சாதாரண ஏகாரக் குறி இரண்டை அருகருகே நிறுத்தியது போலவே இருக்கும். அவசரத்தில் தட்டச்சு செய்பவர்கள் ஒற்றைக் குறியை இரண்டு முறை அடித்துவிடுவார்கள். அச்சில் வேறுபாடு தெரியாது, தேடலில் கிடைக்காது. இரண்டு ஏகாரக் குறிகள் அடுத்தடுத்து வருவது எங்கும் சரியான எழுத்து அன்று என்பதால், உள்ளிடும்போதே அவற்றை ஒரே அகன்ற குறியாக மாற்றிவிடுங்கள். ஒழுங்குபடுத்துகிறேன் என்று ஒருங்குறியின் (யூனிகோடின்) 'என்எஃப்கேசி' என்னும் ஒழுங்குபடுத்தும் முறையை மட்டும் பயன்படுத்திவிடாதீர்கள். அது 'அம்' ஒலிக்குரிய 'சரா அம்' என்ற குறியை இரண்டாக உடைத்து, தொனிக்குறிக்குப் பின்னால் ஒரு வட்டத்தை வைத்துவிடும். தண்ணீரைக் குறிக்கும் சொல்லில் அந்தக் குறி இருக்கிறது; துணி துவைக்கும் குறிப்பில் அந்தச் சொல் வராமல் இராது.

கேள்வி: துணி துவைக்கும் குறிப்பு கொண்ட கேர் லேபிள் அச்சிட்டுத் தருகிறோம். திரையில் சரியாக இருக்கும் தாய்லாந்து எழுத்து லேபிள் பிரிண்டரில் வரும்போது மேல்குறிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன. சில வரிகளில் மேல்குறி பாதி வெட்டுப்படுகிறது.
— லேபிள் அச்சகம், பல்லடம்

பதில்: திரையில் எழுத்தை அடுக்கும் வேலையை உலாவியோ விண்டோஸோ செய்கிறது. மேலே உயிர்க்குறி இருந்தால் தொனிக்குறி உயர வேண்டும், இல்லையென்றால் இறங்க வேண்டும். நெடிய கொம்புடைய மெய்யெழுத்தாக இருந்தால் இடப்பக்கம் சற்று நகர வேண்டும். பிரிண்டருக்கு உரையை அப்படியே அனுப்பினால், அதனுள் இருக்கும் எளிய எழுத்துருப் பொறி இந்த நுணுக்கங்களைச் செய்யாமல் விடக்கூடும். ஆகவே கணினியிலேயே உரையை அடுக்கி, படமாக்கி, அந்தப் படத்தை பிரிண்டருக்கு அனுப்புங்கள். ஜீப்ரா வகை பிரிண்டரில் உரையாகவே அனுப்பியாக வேண்டும் என்றால், யூடிஎஃப்-8க்கான 'சிஐ28' கட்டளையும், பிரிண்டருக்குள் ஏற்றிய தாய்லாந்து எழுத்துருவும் வேண்டும். அப்போதும் அடுக்கைத் தனியே சோதிக்க வேண்டும்.

மேல்குறி வெட்டுப்படுவது வரி உயரம் போதாததால். ஆங்கில லேபிளுக்கு அமைத்த வரி உயரத்தில் இரண்டடுக்கு மேல்குறியும் கீழ்க்குறியும் கொள்ளா. உயரத்தைக் கூட்டுங்கள், இடம் போதவில்லை என்றால் வரியைக் குறையுங்கள். எழுத்தைச் சிறிதாக்கினால் நெய்த லேபிளில் தொனிக்குறி வெறும் புள்ளியாகிவிடும், தொனிக்குறி போனால் சொல்லே மாறிவிடும் என்பதை மேலே கண்டோம். வரியை எங்கே மடிப்பது என்பதையும் நீங்களே முடிவு செய்யாதீர்கள். வெளி இல்லாத எழுத்து என்பதால் தவறான இடத்தில் மடித்தால் சொல் நடுவே பிளக்கும். மடிப்பு இடங்களைக் குறித்துத் தரும்படி பையரைக் கேளுங்கள். அந்த இடங்களில் அகலமில்லாத வெளிக்குறியை இட்டு வைத்தால் எந்த அளவிலும் சரியாக மடியும்.

இன்னொன்று: பிடிஎஃப் கோப்பிலிருந்து உரையை நகலெடுத்து லேபிளில் ஒட்டாதீர்கள். பிடிஎஃப்பிலிருந்து எடுக்கும்போது குறிகளின் வரிசை மாறுவதும், 'சரா அம்' உடைவதும் அடிக்கடி நேர்கிறது. உரைக் கோப்பாகவே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: தாய்லாந்துக் கிளையிலிருந்து ஏறும் ஆர்டர்களில் தேதி 2567 என்று பதிவாகியிருக்கிறது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை.
— தென்னைநார்ப் பொருள் ஏற்றுமதியாளர், பொள்ளாச்சி

பதில்: அது புத்த ஆண்டு, 543ஐக் கழித்தால் 2024. மைக்ரோசாஃப்டின் டாட்நெட் போன்ற நிரலாக்கத் தளங்களில் கணினியின் மொழியமைப்பு தாய்லாந்து என்றிருந்தால் நாட்காட்டியும் தானாகப் புத்த ஆண்டுக்கு மாறிவிடும். தரவுத்தளத்துக்கு 2567 என்பது செல்லுபடியாகும் ஆண்டே என்பதால் அது மறுக்காது. சேமிப்பில் எப்போதும் ஆங்கில ஆண்டையே வைத்து, காட்டும் இடத்தில் மட்டும் மாற்றுங்கள். 2400க்கு மேற்பட்ட ஆண்டு வந்தால் ஏற்க மறுக்கும் நிபந்தனை ஒன்றை இன்றே அந்தப் புலத்தில் சேர்த்துவிடுங்கள். பழைய வரிசைகளைத் திருத்தும்போது பிப்ரவரி 29ஐத் தனியே கவனியுங்கள்: 2024 நெட்டாண்டு (லீப் ஆண்டு), 2567 என்பதை நெட்டாண்டாகக் கணினி எண்ணாது; அந்த நாளில் வந்த ஆர்டர் மட்டும் ஏறாமலோ வேறு நாளிலோ இருக்கலாம்.

கேள்வி: நம் 'கெ' என்பதில் கொம்பு இடப்பக்கம் தெரிந்தாலும் கணினி ககரத்துக்குப் பின்னால்தான் அதைச் சேமிக்கிறது. தாய்லாந்தில் இடக்குறி முன்னாலேயே சேமிக்கப்படுவது ஏன்? தாய்லாந்துப் பெயர்களைச் சரிபார்க்கும் நிரல் ஒன்றைக் கல்லூரித் திட்டப்பணியாக எழுதுகிறேன். இதனால் என்ன மாற வேண்டும்?
— பொறியியல் மாணவி, கோவை

பதில்: இரண்டு எழுத்துமுறைகளும் தொலைவில் உறவுடையவை. தாய்லாந்து எழுத்து கெமர் எழுத்து வழியாகப் பல்லவர் கால எழுத்திலிருந்து வந்தது. மெய்யைச் சுற்றி நான்கு பக்கமும் உயிர்க்குறி இடும் வழக்கம் அந்த உறவின் அடையாளம். கணினியில் மட்டும் பாதைகள் பிரிந்தன. தாய்லாந்து தன் தேசியத் தரமான டிஐஎஸ்-620ஐத் தட்டச்சு வரிசையிலேயே, அதாவது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அமைத்துக்கொண்டது; இன்று வழங்கும் பதிப்பின் பெயரில் உள்ள 2533 என்பது புத்த ஆண்டு, நமக்கு 1990. ஒருங்குறி அந்த வரிசையை மாற்றாமல் ஏற்றது. லாவோ எழுத்துக்கும் அதே ஏற்பாடு. தமிழோ இந்திய மொழிகளுக்கான இஸ்கி தரத்தைப் பின்பற்றி ஒருங்குறிக்குள் வந்ததால் ஒலிக்கும் வரிசையைப் பெற்றது. நம்மிடமும் டிஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில் கொம்பு முன்னால்தான் இருந்தது. 2010 ஜூனில் உங்கள் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியையும் டேஸ்-16 குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது; அதற்கு முன் எழுதப்பட்ட கோப்புகளை மாற்றியவர்களுக்குக் கொம்பை இடம் மாற்றும் வேலை நன்றாகவே தெரியும்.

தாய்லாந்தின் ஏற்பாட்டில் ஒரு நன்மை உண்டு: டிஐஎஸ்-620இன் ஒற்றைப் பைட்டுக்கும் ஒருங்குறி எண்ணுக்கும் இடையே மாறாத ஓர் இடைவெளி மட்டுமே இருக்கிறது, முதல் எழுத்தான 'கோ காய்' பழைய தரத்தில் 'ஏ1', ஒருங்குறியில் '0இ01'. குறிகளை இடம் மாற்ற வேண்டியதே இல்லை. ஆகவே பழைய கோப்புகளைத் தயங்காமல் யூடிஎஃப்-8க்கு மாற்றிவிடலாம். புதிய தரவுத்தளத்தை டிஐஎஸ்-620இல் தொடங்க இன்று காரணம் ஏதும் இல்லை.

உங்கள் நிரலுக்கு வருவோம். தமிழில் உயிர்க்குறி ஒன்று மெய் இல்லாமல் தொடங்கினால் பிழை என்று சொல்லிவிடுவீர்கள். தாய்லாந்தில் ஐந்து இடக்குறிகளுக்கும் அந்த விதி பொருந்தாது. அவற்றுக்குப் பின்னால் மெய் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மேல்குறியும் கீழ்க்குறியும் மெய்யை அடுத்தே வர வேண்டும். தொனிக்குறி மெய்யை அடுத்தோ அந்தக் குறிகளை அடுத்தோ வரலாம், அவற்றுக்கு முன் வரக்கூடாது. மேல் உயிர்க்குறிக்கும் தொனிக்குறிக்கும் இடையே வரிசை தவறியிருந்தால், ஒருங்குறியின் இயல்பான ஒழுங்குபடுத்தும் முறைகள் அதைத் திருத்தா. உங்கள் நிரல்தான் திருத்த வேண்டும். 'சரா அம்' மட்டும் தொனிக்குறிக்குப் பின்னால் வருவது சரியே. சோதனைக்கு, மேலே ஈரோட்டு வாசகருக்குச் சொன்ன சட்டை, புலி, தண்ணீர் ஆகிய மூன்று சொற்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். இடக்குறி, இரண்டடுக்கு மேல்குறி, தொனிக்குறியை அடுத்த 'சரா அம்' ஆகிய மூன்றும் அவற்றுள் அடங்கிவிடுகின்றன.